ரத்தம் கேட்கும் சீட்டில் காரணமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,



ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பீர்க்கன்கரணையில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். காலி மனைகளில் மழைத் தண்ணீர் தேங்கும். கொசுவும் டெங்குவும் பெருக, அடுத்த சில வாரங்களில் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் 'அவசரம், பிளேட்லெட் தேவை' என்ற செய்திகள் வரத் தொடங்கும். நோயாளியின் பெயர், ரத்த வகை, மருத்துவமனை, தொடர்புக்கு ஒரு கைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். எதற்காக அந்த ரத்தம் என்பது மட்டும் இருக்காது. அதைக் கேட்கும் பழக்கம் நமக்கும் இல்லை.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ரத்ததானம் செய்தவன். என்னிடம் படித்த பிள்ளைகளை முகாம்களுக்குக் கூட்டிக்கொண்டு போனவன். ஊசிக்குப் பயந்தவர்களைக் கடிந்துகொண்டவன். 'கொடுங்கள், கொடுங்கள்' என்று இத்தனை காலம் சொன்னவனுக்கு, கொடுத்த ரத்தம் சரியாகச் செலவாகிறதா என்று கேட்கும் கடமையும் உண்டு. அந்தக் கடமையில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு மழைக்காலத்தில் என் தங்கை மகனுக்கு டெங்கு. வயது பத்தொன்பது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. இட்லி சாப்பிட்டான், எழுந்து நடந்தான். ஈறிலோ மூக்கிலோ ஒரு சொட்டு ரத்தம் கசியவில்லை. அன்று மாலைப் பரிசோதனையில் பிளேட்லெட் 34,000 என்று வந்தது. அவனைச் சேர்த்திருந்த தனியார் மருத்துவமனையில் செவிலியர் ஒரு சீட்டை நீட்டினார். "நாலு யூனிட் பிளேட்லெட், ராத்திரிக்குள்ள அரேஞ்ச் பண்ணிடுங்க சார்." தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, ஏத்தலேன்னா புள்ளைக்கு என்ன ஆகும்?" அதற்குப் பிறகு எந்தத் தாய்மாமன் நின்று காரணம் கேட்பான்?

அந்தச் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பெயர், வயது, படுக்கை எண், ரத்த வகை எல்லாம் நிரப்பியிருந்தது. 'காரணம்' என்ற கட்டத்தில் இரண்டே சொற்கள்: லோ பிளேட்லெட். எண்ணிக்கை எவ்வளவு என்று இல்லை. ரத்தக்கசிவு உண்டா இல்லையா என்று இல்லை. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து, யாருடையது என்று பெயர் இல்லை.

தெருப் பையன்கள் நால்வர் இரண்டு வண்டிகளில், தூறலில், பெருங்களத்தூர், தாம்பரம் தாண்டிக் குரோம்பேட்டை வரை போனார்கள். முதல் ரத்த மையத்தில் இருப்பு இல்லை. இரண்டாவதில் இருந்தது, ஆனால் பதிலுக்கு நாலு பேர் ரத்தம் கொடுத்தால்தான் தருவோம் என்றார்கள். கொடுத்தார்கள். ஆடிக்கொண்டே இருக்கும் தட்டிலிருந்து மஞ்சள் நிறப் பைகள் நான்கை எடுத்த ஊழியர், "ஐஸ்ல வெக்காதீங்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

இரவு பதினொன்றரைக்கு ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டாவது பை முடிவதற்குள் பையனுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. மார்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. உடனே நிறுத்தி ஊசி போட்டார்கள். மிச்சம் இரண்டு பைகளை ஏற்றவே இல்லை. அவை என்ன ஆயின என்று யாரும் சொல்லவும் இல்லை. அவை ஏறாமலேயே, அன்றிலிருந்து மூன்றாம் நாள் அவனுடைய எண்ணிக்கை லட்சத்தைத் தொட்டது.

பிறகு, அரசு மருத்துவமனையில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "ரத்தக்கசிவு இல்ல, பி.பி. நல்லா இருந்திருக்கு, ரத்தம் கெட்டியாவதைக் காட்டுற பி.சி.வி.யும் ஏறல. இதுக்கு எதுக்கு சார் பிளேட்லெட்?" என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லையே.

அவர் விளக்கியதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். டெங்குவில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு அல்ல. காய்ச்சல் விடும் சமயத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறி, ரத்தம் கெட்டிப்பட்டு, ரத்த அழுத்தம் விழுவதுதான் பெரிய ஆபத்து. அதைக் கண்காணித்து அளவறிந்து திரவம் கொடுப்பதே சிகிச்சை. பிளேட்லெட் எண்ணிக்கை சில நாட்களில் தானே ஏறும். வெளியிலிருந்து ஏற்றியவை உடலில் வெகுநேரம் தங்குவதும் இல்லை. ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு எண்ணிக்கை 10,000-க்குக் கீழே இறங்கினால்தான் முன்னெச்சரிக்கையாக ஏற்றுவது பற்றி மத்திய அரசின் டெங்கு சிகிச்சை வழிகாட்டி பேசுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-ம் அதற்குக் கீழும் எண்ணிக்கை இருந்த 372 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் 'லான்செட்' இதழில் வந்தது. முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக்கசிவைத் தடுக்க முடியவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின என்பது அதன் முடிவு. எங்கள் பையனுக்கு 34,000 இருந்தது.

பிளேட்லெட்டின் ஆயுள் சேமிப்பில் ஐந்தே நாள். வேண்டாத ஒருவருக்கு ஏற்றிய பை, ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் ஒரு குழந்தைக்குப் போயிருக்க வேண்டிய பை. நால்வர் கொடுத்த ரத்தத்துக்கும் அதே கணக்குதான். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கும், ஜி.எஸ்.டி. சாலையில் லாரியில் அடிபட்டவருக்கும், மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டால்தான் வாழ முடியும் என்ற நிலையில் உள்ள தலசீமியா பிள்ளைக்கும் அது உயிர்.

சிவப்பணு விஷயத்திலும் இதே கதைதான். 'ஒரு பாட்டில் ஏத்தினா தெம்பு வரும்' என்பது நம் வீடுகளில் வேரோடிப்போன நம்பிக்கை. ஒரு யூனிட் ஏற்றினால் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 கிராம் கூடும், அவ்வளவே. கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 838 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 1999-ல் வெளிவந்தது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனதும் ரத்தம் ஏற்றப்பட்டவர்களைவிட, 7-க்குக் கீழே போகும்வரை பொறுத்திருந்து ஏற்றப்பட்டவர்கள் எந்த வகையிலும் மோசமாகிவிடவில்லை. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது, நேரத்தோடு கண்டுபிடித்துக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை, தேவைப்பட்டால் இரும்புச்சத்து ஊசி. இவை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கக்கூடியவை. ஏழாம் மாதம்வரை கவனிக்காமல் விட்டுவிட்டு ஒன்பதாம் மாதம் ரத்தம் தேடி ஓடுவது சிகிச்சை ஆகாது.

ஏற்றப்படும் ஒவ்வொரு பையிலும் முன்பின் தெரியாத ஒருவருடைய உடலின் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றியதை நாம் மறந்துவிட்டோமா? அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞருக்கு, 2016-ல் ஒரு முகாமில் கொடுத்தபோதே தொற்று இருப்பது தெரியவந்திருந்தும் அவரிடம் சொல்லப்படவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. பரிசோதனை எவ்வளவு முன்னேறினாலும் ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. அந்த ஆபத்தை ஏற்க ஓர் உயிர்க் காரணம் இருக்க வேண்டும்.

இவற்றை நான் புதிதாகச் சொல்லவில்லை. இந்த ஆபத்தைக் குறைக்கத்தான் உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பால், பணத்துக்கு ரத்தம் விற்பவர்களிடம் ரத்தம் எடுப்பது 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. 2002-ல் வந்த தேசிய ரத்தக் கொள்கை, வேறு வழியில் தடுக்கவோ குணப்படுத்தவோ முடியாத நிலையில் மட்டுமே ரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறது. அதைக் கண்காணித்துத் தணிக்கை செய்ய மருத்துவமனைகள்தோறும் குழு அமைய வேண்டும் என்றும் சொல்கிறது. ரத்தம் ஏற்றும்போது நேரும் ஒவ்வாமைகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2012 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டுப் பையனுக்கு உடம்பு தூக்கிப்போட்டது எந்தப் பதிவேட்டில் ஏறியது? அந்த மருத்துவமனையில் அப்படி ஒரு குழு உண்டா என்று கேட்டேன். வரவேற்பு மேசையில் இருந்தவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்பதே புரியவில்லை.

மருத்துவர்கள் மீது மட்டும் பழிபோட எனக்கு மனமில்லை. 'ஏன் இன்னும் ஏத்தல?' என்று கூட்டமாய் நின்று சத்தம் போடுகிறவர்களும் நாம்தான். ஏற்றாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் அடி விழும் என்ற பயத்தில் ஏற்றிவிடுகிற இளம் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து, எழுதிவைத்த விதியும் அதைக் காக்கும் நிர்வாகமும்தானே தவிர, இன்னொருவர் கையிலிருந்து உறிஞ்சிய ரத்தம் அல்ல.

ஆகவே சுகாதாரத் துறைக்கும், செங்கல்பட்டு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் என் கோரிக்கைகள் இவை. ரத்தம் கேட்கும் சீட்டில் எண்ணிக்கை, ரத்தக்கசிவு உண்டா இல்லையா, என்ன காரணம், எழுதிய மருத்துவரின் பெயர் நான்கும் இல்லாவிட்டால் ரத்த மையங்கள் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். தனியார் மருத்துவமனைகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ரத்தப் பயன்பாட்டுத் தணிக்கைக் குழுவின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், அதை வாசித்துக் காட்ட வேண்டும். 'பதிலுக்கு ஆள் கொண்டு வா' என்று நோயாளி வீட்டாரை நள்ளிரவில் அலையவிடுவதை நிறுத்த வேண்டும். தாம்பரம் மாநகராட்சி மழைக்கு முன்பே காலி மனைகளில் தண்ணீர் தேங்காமல் வடிய வழி செய்தால் பாதி வாட்ஸ்அப் செய்திகள் வராமலே போகும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தம் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். நானும் யாரையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த முறை உங்கள் கையில் ஒரு சீட்டைத் திணித்தால், ஓடுவதற்கு முன் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: 'எதற்காக ஏற்றுகிறீர்கள்? ஏற்றாவிட்டால் வேறு வழி என்ன?' உண்மையிலேயே தேவை என்றால் அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்த அரை நிமிடம் கேட்காமல் நான் அன்று ஓடிவிட்டேன். நீங்கள் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
பீர்க்கன்கரணை, சென்னை - 63.