யாருடைய நத்தார்?

டிசம்பர் பிறந்ததும் நம் பத்திரிகைகளில் ஒரு பெருமூச்சு எழுகிறது. "அந்தக் காலத்து நத்தார் இப்போது ஏது?" என்பதே அதன் பல்லவி. சாவி கொடுத்தால் ஓடும் தகர மோட்டார், கண் மூடித் திறக்கும் பொம்மை, மெக்கானோப் பெட்டி, கொழும்புக் கோட்டையில் 1906 இல் எழுந்து நின்ற கார்கில்ஸ் செங்கட்டடம், விடுமுறைக்கு நாள் எண்ணிய இரவுகள் யாவும் வரிசையாக வருகின்றன. "அன்று நாம் எல்லோரும் மகிழ்ந்திருந்தோம்" என்று கட்டுரை முடிகிறது.

குழந்தைப் பருவத்தை நினைத்து ஒருவர் கண் கலங்குவதை நாம் பழிக்கவில்லை. "எல்லோரும்" என்ற அந்த ஒரு சொல்லையே மறுக்கிறோம்.

மாத்தளை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். விடுமுறை என்றதும் வசதியுள்ள குடும்பங்கள் சீகிரியாவுக்குப் புறப்படும். அங்கே கண்ணாடிச் சுவரில் பண்டைய பயணிகள் கீறிவைத்த பாடல்களில் 685ஐ செனரத் பரணவிதான 1956 இல் பதிப்பித்தார். ஓவியப் பெண்களைக் கண்டு வியந்தவர்களின் சொல் இவ்வாறு நிலைத்தது. அக்குன்றில் கல் சுமந்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை. நினைவு எப்போதும் எழுத வசதி பெற்றவர்களின் சொத்தாகவே இருந்து வந்திருக்கிறது.

அக்குன்றுக்கு அண்மையிலுள்ள தம்புள்ளை வழியாகத்தான், 19ஆம் நூற்றாண்டில், காப்பித் தோட்டங்களுக்கென நம் மக்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவும் பசியும் பலரை வழியிலேயே மாய்த்தன. காப்பி அழிந்தது, தேயிலையும் ரப்பரும் கொக்கோவும் வந்தன. துரைமார் பங்களாவில் நத்தார் மரம் நின்றது. லிவர்ப்பூலில் செய்த மெக்கானோ கப்பலேறி வந்தது. அதற்கு விலை கொடுத்தது மலைச்சரிவில் கொழுந்து கிள்ளிய கை.

பங்களாப் பிள்ளை பொம்மைக்குக் காத்திருந்தபோது லயத்துப் பிள்ளை எங்கே இருந்தது? சட்டமே பதில் சொல்லுகிறது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதிலும் குறைந்த கூலி, குழந்தைக்கு எல்லாவற்றிலும் குறைந்த கூலி என வகுத்தார்கள். ஒரு பிள்ளைக்குப் பொம்மை வாங்கும் வயது, இன்னொரு பிள்ளைக்குக் கூலி நிர்ணயிக்கும் வயதாயிற்று!

1948 இன் குடியுரிமைச் சட்டம் அப்பிள்ளையை நாடற்றதாக்கியது. 1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாமென்று நிறுத்தி வைத்தது. அவ்வாண்டு நத்தாரில் லயத்துப் பிள்ளை எதை எதிர்பார்த்திருக்க முடியும்? தன்னை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவார்கள் என்பதைத்தான்.

லயத்திலும் பண்டிகை உண்டு, சிரிப்பு உண்டு. ரப்பர் விதையும் பால்மாத் தகரமும் விளையாட்டுப் பொருளாயின. ஆனால் பண்டிகைக்கு முன் கைக்கு வந்தது முற்பணம். பண்டிகை கழிந்ததும் அது சம்பளத்தில் மாதாமாதம் வெட்டப்பட்டது. அங்கே மகிழ்ச்சியும் கடனாகவே வந்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை, பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 இல்தான் வர்த்தமானியில் ஏறியது.

"இக்காலப் பிள்ளைகளுக்கு எதிர்பார்ப்பே இல்லை, கேட்டதெல்லாம் கிடைக்கிறது" என்று புலம்புவோர், தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு ஒருநாள் வந்து பார்க்கட்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! இவ்விடுமுறையில் லயத்து முதியவர்களிடம் சென்று, சிறுவயதில் எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒன்று விடாமல் எழுதுங்கள். அந்த நினைவுகளும் அச்சேறிய பின்னரே "நாம் எல்லோரும்" என்று எழுதும் உரிமை நம்மில் எவருக்கும் உண்டு.