ஒயினுக்கு உண்டு, இறாலுக்கு இல்லையா?

பிச்சாவரம் பக்கத்துக் கிள்ளையில் யாரிடமாவது கழி இறாலையும் பண்ணை இறாலையும் தனித்தனியாக வறுத்துக் கொடுத்துப் பாருங்கள். ஒரு வாய் வைத்ததும் எது எதுவென்று சொல்லிவிடுவார்கள். இதையே ஒரு பிரெஞ்சுக்காரர் ஒயினில் செய்தால் மட்டும் "சும்மா பந்தா" என்று சிரிப்பவர்கள் அதிகம்!

பந்தா இல்லை. கோப்பையை வெள்ளைத் துணிக்கு முன் சாய்த்து நிறம் பார்க்கிறார்கள், சுழற்றி முகர்கிறார்கள், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுகிறார்கள். இதையே தொழிலாகச் செய்பவர்கள் பெரும்பாலும் துப்பிவிடுவார்கள். ஆக, இது குடிக்கிற விஷயமே இல்லை. தேடுவது ஊரின் ருசியை. பர்கண்டியில் சிவப்பு ஒயின் பெரும்பாலும் பினோ நுவார் என்ற ஒரே திராட்சைதான். ஆனால் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களுக்கே தனித்தனிப் பெயர், தனித்தனி விலை. போர்தோவில் கபர்னே சோவிஞ்ஞோன், மெர்லோ போன்றவற்றைக் கலக்கிறார்கள். அங்கேயும் சீசாவில் ஊர்ப்பெயர் இருக்கும்.

இதெல்லாம் இந்தக் கடற்கரைக்குப் புதிதா என்ன? கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஒயின் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கூடவே இத்தாலியின் அரெஸ்ஸோ வகைப் பாத்திரத் துண்டுகள், குயவர் முத்திரையோடு! அந்த இடத்தின் காலத்தைக் கணிக்க உதவியது அந்தப் பாத்திரங்கள்தான். யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டே சொல்கிறது.

இனி காசு விஷயம். பிரான்ஸ் 1935-லேயே ஒயினின் ஊர்ப்பெயருக்குச் சட்டக் காவல் போட்டது. 1995-ல் அமலுக்கு வந்த டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 23-ஆம் பிரிவு, ஒயினுக்கும் காய்ச்சி வடித்த மதுவகைகளுக்கும் மட்டும் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. "ஷாம்பெயின் மாதிரி" என்று எழுதி விற்பதைக்கூடத் தடுக்கலாம். அரிசிக்கும் பழத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. வாங்குபவர் ஏமாறுகிறார் என்று நிரூபித்தாக வேண்டும். இந்தியா தன் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை 1999-ல் இயற்றி, 2003-ல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

சட்டம் மட்டும் போதாது. சென்னை ரோட்டோரத்தில் எந்தப் பலாவையும் "பண்ருட்டிப் பலா" என்று கூவினால் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வித்தியாசம் கேட்கிற நாக்கு இல்லாவிட்டால் ஊர்ப்பெயருக்கு என்ன விலை? நன்மதிப்பு என்பதும் ஒரு சொத்துதான். பிரெஞ்சுக்காரர்கள் அதை நாக்கால் சேர்த்தார்கள். அவர்களிடம் கற்க வேண்டியது குடியை அல்ல, இந்தக் கறாரைத்தான்.