வழவழப்பை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

சேர்வராயன் கோயிலுக்குச் செல்லும் வழியில் சொரசொரப்பான பாறைகளில் கற்பாசி அப்பிப் படர்ந்திருக்கும். மக்கள் நடந்து நடந்து வழவழப்பாகிவிட்ட கல்லில் அதைக் காண்பது அரிது. (மிதிபடுவதும் ஒரு காரணந்தான்.) உடலுக்குள் பொருத்தப்படும் செயற்கைப் பாகங்களிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. செல்கள் பிடிமானம் உள்ள இடத்தைத் தேடி ஒட்டுகின்றன.

செயற்கை இதய வால்வில் இந்த ஒட்டுதல் ஆபத்தானது. தட்டணுக்கள் ஒட்டினால் இரத்தம் உறையும். உறைகட்டி வால்வை முடக்கும், அல்லது மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கும். 1960களில் அமெரிக்காவில் அணு எரிபொருள் துகள்களுக்குக் கார்பன் பூசுவதை ஆராய்ந்துவந்த ஜாக் போக்ரோஸும், இரத்தம் எளிதில் உறையாத பரப்பைத் தேடிய அறுவை மருத்துவர் வின்சென்ட் காட்டும் கைகோத்ததால் பைரோலிடிக் கார்பன் வால்வுக்கு வந்தது. அதைக் கண்ணாடி போல மெருகேற்றியே பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதே வால்வின் விளிம்பிலுள்ள தையல் வளையம் நெய்த துணியால் ஆனது. அங்கே திசு உள்ளே வளர்ந்து இறுகப் பற்ற வேண்டும். எலும்பில் பதிக்கும் பாகங்களுக்கும் மிதமான சொரசொரப்பே உகந்தது: மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. அளவு மீறினால் கிருமிகளுக்கும் அது புகலிடமாகும்.

எனவே, "எந்தப் பூச்சு சிறந்தது?" என்று கேட்பதைவிட, "எந்த இடத்துக்கு?" என்று கேட்பதே முறை என்பது எங்கள் கருத்து. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வின் தட்டு கார்பனே அன்று, ஒருவகைப் பாலிஎத்திலீன். அதைக் கேட்டு முகம் வாடும் குடும்பங்களைப் பார்க்கிறோம். வாடத் தேவையில்லை, அவ்வால்வு பல்லாயிரம் பேரின் நெஞ்சில் இயங்கிவருகிறது.

எங்களுக்குக் கவலை வேறு. "கார்பன் வால்வில் இரத்தம் உறையாது" என்று எங்கோ கேட்டுவிட்டு, வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உண்டு. இதில் மருத்துவர்களாகிய எங்கள் பிழையும் கலந்திருக்கிறது. வால்வைப் புகழ்ந்த அளவுக்கு மாத்திரையை நாங்கள் வலியுறுத்தவில்லை. எவ்வளவு மெருகேற்றினாலும் கார்பன் உறைதலைக் குறைக்குமேயன்றி அடியோடு தடுக்காது. எந்த உலோக, கார்பன் வால்வானாலும் மாத்திரை ஆயுள் முழுவதும் தேவை. மைட்ரல் வால்வு மாற்றியவர்களுக்கு ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். உங்களுக்கு உரிய அளவை மருத்துவர் உங்கள் அட்டையில் குறித்துத் தருவார்.

மலைக் கிராமங்களிலிருந்து இதற்காகவே சேலத்துக்கு இறங்குவது ஒரு நாள் கூலியை இழப்பது என்பதை அறிவோம். வேறு வேலையாக இறங்கும் நாளிலேயே அட்டையுடன் வந்து இரத்தம் கொடுத்துச் செல்லுங்கள்.