தலையெழுத்தா, தண்ணீரா?

தர்மபுரி ஜில்லாவில், கம்பைநல்லூர் முதலான ஊர்ப் பக்கங்களில், பல்லில் பழுப்புக் கறை ஏறிய பிள்ளைகளையும், முதுகு விறைத்துக் கழுத்தைத் திருப்ப முடியாமல் கோலூன்றி நடக்கும் பெரியவர்களையும் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். பிள்ளையைப் "பல் விளக்காத சோம்பேறி" என்கிறோம். பெரியவருக்கு "வாதம்" என்கிறோம். மருந்து பலிக்காவிட்டால் "முன்ஜென்ம வினை" என்று கையை விரித்து விடுகிறோம். மந்திரித்தவர்களும் தாயத்துக் கட்டினவர்களும் காசு வாங்கினார்களே ஒழிய, யாருக்காவது முதுகு நிமிர்ந்ததா?

தோழர்களே! ஒரு கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டு, அடுத்த கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களை விட்டுவிடுகிற வினையும் உண்டா? இப்படிக் கேட்டவர்கள்தான் விடை கண்டார்கள். அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்கு 1901-ல் வந்த மக்கே என்ற பல் வைத்தியர் இக்கறையின் காரணத்தைத் தேடத் தொடங்கினார். 1931-ல் ஒரு ரசாயன நிபுணர் தண்ணீரைச் சோதித்த பிறகே, குற்றவாளி புளோரைடு என்று தெரிந்தது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் அது எலும்பையும் கெடுப்பதை 1937-ல் டாக்டர்கள் எழுதி வைத்தார்கள்.

சங்கதி இதுதான். பாறையிலுள்ள புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்டால் ஆபத்து. பல் உருவாகும் வயதில் குடித்தால் கறை; மிகுதியாகப் பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சினாலும் போகாது, சுண்டச் சுண்ட அதிகமாகும். நிறமும் ருசியும் காட்டிக் கொடுக்காது.

இந்நோயைத் தடுக்க ஒகேனக்கல் காவிரித் தண்ணீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு, 2013-ல்தான் துவக்கப்பட்டது. 1937-ல் தெரிந்த நோய்க்கு 2013-ல் குழாய்! நடுவில் விறைத்துப்போன முதுகுகளுக்கு ஜவாப்தாரி விதியா, நம் அலட்சியமா?

எல்லா முதுகுவலியும் இதனால்தான் என்று நாம் சொல்லவில்லை. அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். முற்றிலும் இறுகிய எலும்பைப் பழையபடி ஆக்க மருந்தில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆகையால், வலிப்பவரை ஏளனம் செய்யாதீர்கள். கறைப்பல்லைக் கண்டு பெண் வேண்டாமென்று திரும்பாதீர்கள். அது அவள் குற்றமல்ல. குழாய் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றை நம்புகிறவர்கள், ஜாதகம் தூக்கி அலையும் கையில் ஒரு நாளாவது அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு, குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக்கூடத்துக்குப் போங்கள். தாத்தாவின் முதுகு நிமிராமல் போகலாம். பேரனின் முதுகாவது வளையாமல் இருக்கட்டும்.