ஆசானும் அவரே, அளப்பவரும் அவரே!

மூலநிரலை யாவர்க்கும் திறந்து வைக்கும் மென்பொருட் கூட்டத்தார், தம்முள் மேலோர் கீழோர் இல்லை, வேலையின் தரமே தரம் என்று முழங்குகின்றனர். முழக்கம் நன்று. நடப்பு யாது?

கூகிள் 2005-இல் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தை நோக்குக. புதியவன் சில மாதம் நிரல் எழுதுகிறான், உதவித்தொகை கூகிளுடையது. ஆயினும் இடையிலும் இறுதியிலும் ‘தேறினான்’ என வழிகாட்டி ஒப்பினாலன்றி அத்தொகை கைக்கு வாராது. ஆளைத் தெரிந்தெடுப்பதிலும் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு.

அவ்வழிகாட்டி வேறொரு கம்பெனியில் சம்பளம் வாங்குபவராயிருக்கலாம். அக்கம்பெனிக்கு வேண்டிய வேலையையே பாடமென்று கொடுத்தால், அது கல்வியா, பிறர் காசில் பிடித்த ஆளா? விண்ணப்பித்தவன் அவர் மைத்துனனாயின்? “அவர் நல்லவர், ஊதியமின்றிக் கற்பிப்பவர்” என்பர். அவர் குணத்தையா நாம் கேட்டோம்? நம் தோட்டங்களில் தலைக்காசு வாங்கிய கங்காணியும் தன்னை ஆட்களுக்குத் தகப்பனென்றே சொல்லிக்கொண்டான். அவர்களுள்ளும் நல்லவர் இருந்தனர். தலைக்காசு தலைக்காசாகவே இருந்தது.

நிரலின் ஒவ்வொரு வரியையும் உலகறியத் திறப்போர், உறவையும் ஊதியத்தையும் சொல்ல மட்டும் ஏன் நாணுகின்றனர்? முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். தொடர்புடையோன் விஷயத்தில் தீர்ப்பை வேறொருவர் கூறட்டும். அதற்கு ஆளில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை; ஒருவனுக்கு இரு வழிகாட்டிகளை அமர்த்தும் வழக்கம் பல குழுக்களில் முன்னமே உண்டு.