கப்பமா, மீட்புப் பொருளா?

ஆளைக் கடத்திச் சென்றவன் அவரை விடுவிப்பதற்குக் கேட்கும் தொகைக்கு நம் நாளிதழ்கள் இட்டிருக்கும் பெயர்கள் யாவை? ஓர் ஏடு பணயத்தொகை என்கிறது. மற்றோர் ஏடு பிணைத்தொகை என்கிறது. இலங்கை ஏடுகளோ கப்பம் என்றே எழுதிப் பழகிவிட்டன. மூன்றும் பிழை. பிழை என்பதினும் அநீதி என்பதே பொருந்தும்.

கப்பம் என்பது சிற்றரசன் பேரரசனுக்குச் செலுத்தும் திறை. கடத்தற்காரனுக்குக் கொடுப்பதைக் கப்பம் என்போர், தம் கையாலேயே அவனுக்கு முடிசூட்டுகின்றனர். பிணை என்பது நீதிமன்றத்தில் ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்பு. கொள்ளையனின் மறைவிடம் எப்போது நீதிமன்றமாயிற்று? பணயமோ சூதாட்டக் களத்துச் சொல். ஆடுபவன் தானே முன்வந்து வைப்பது. கடத்தப்பட்ட குழந்தையைச் சூதில் வைத்தவர் யார்?

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ரான்சம்’ என்னும் சொல்லின் பிறப்பைப் பாருங்கள். இலத்தீனில் ‘ரெடிமெரெ’ என்றால் திரும்ப வாங்குதல். அதனடியாகத் தோன்றிய ‘ரெடெம்ப்டியோ’, பழைய பிரெஞ்சு மொழியின் வழியே தேய்ந்து ‘ரான்சம்’ ஆயிற்று. அதிகம் தேயாமல் வந்து ‘ரிடெம்ப்ஷன்’ ஆயிற்று. பின்னதையே கிறிஸ்தவர்கள் ஆன்ம ஈடேற்றத்திற்கு வழங்குகின்றனர். கைதியின் விடுதலையும் ஆன்மாவின் விடுதலையும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள்! 1192-இல் சிறைப்பட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டுக்காக 1,50,000 மார்க் வெள்ளி கேட்கப்பட்டது. குடிகளிடம் நாலிலொரு பங்கு வரி தண்டிப் பெருந்தொகை செலுத்திய பின்னரே, 1194-இல் அவர் விடுதலை பெற்றார். அத்தனை பெரிய கொள்ளைக்கும் அம்மொழி இட்ட பெயர், பறித்தவனை நோக்கவில்லை, மீண்டவரையே நோக்கிற்று.

அறபு மொழியின் ‘பித்யா’வும் அத்தகையதே. ஈடு கொடுத்து மீட்டல் என்பதே அதன் வேர்ப்பொருள். போர்க்கைதிகளை அருட்கொடையாகவோ ஈடு பெற்றோ விடுவிக்குமாறு கூறும் திருமறையின் 47ஆம் அத்தியாயமும், இபுறாஹீம் நபியின் மகனுக்கு ஈடாகப் பலி அருளப்பட்டதைக் கூறும் 37ஆம் அத்தியாயமும் இவ்வேர்ச்சொல்லையே ஆள்கின்றன.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, கி.பி. 624-இல் நிகழ்ந்த பத்ருப் போரில் ஏறத்தாழ 70 பேர் கைதிகளாயினர். பொருள் கொடுக்க இயலாத, எழுதத் தெரிந்த கைதி, மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்தால் போதும் என்றனர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். கைதிகளுள் ஒருவர் அபுல் ஆஸ். அவருடைய மனைவியும் நாயகத்தின் திருமகளுமான ஸைனப் (ரலி), தம் தாயார் கதீஜா நாயகி மணநாளில் அளித்த கழுத்தணியைக் கணவரின் மீட்புக்காக அனுப்பினார். அதைக் கண்டு நெகிழ்ந்த நாயகம் தோழர்களிடம் கருத்துக் கேட்டார்கள். அவர்கள் இசையவே, கைதியும் விடுவிக்கப்பட்டார், அணியும் திருப்பி அனுப்பப்பட்டது. கப்பம் வாங்கும் அரசன் எவனேனும் இவ்வாறு செய்ததுண்டா?

“எப்பெயரிட்டால் என்ன, கொடுப்பது பணந்தானே?” என்பார் உளர். பெயரே பழியை இடம் மாற்றுகிறது, ஐயா! கப்பம் என்றால், கொடாதவன் குற்றவாளி ஆகிறான். மீட்பு என்றால், பறித்தவன் குற்றவாளி ஆகிறான்.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமா? அடகு வைத்த நகையை மீட்கிறோம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதைக் கரந்தைத் திணை என்று புறப்பொருள் வெண்பாமாலை இலக்கணம் வகுக்கிறது. மீட்புப் பொருள் என்று எழுத ஏடுகளுக்கு என்ன தடை?

நம் இல்லங்களும் ஒன்று செய்யலாம். நோன்பு நோற்க இயலாத முதியவருக்காக நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கிறோமே, அதனைப் பலர் அபராதம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகின்றனர். தள்ளாமை குற்றமா, அபராதம் விதிக்க? பித்யா என்றால் மீட்புப் பொருள் என்று சொல்லிக் கொடுங்கள். பாட்டனாரின் கடமை மீள்கிறது, ஏழையின் பசியும் தீர்கிறது என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்ந்துகொள்வர்.