படத்தில் மலை உண்டு, மக்கள் எங்கே?

"உதகையா உன் ஊர்? ஆகா, கொடுத்து வைத்தவனடா நீ!"

சமவெளிப் பல்கலைக்கழகம் ஒன்றிலே சேர்ந்த மாணவன் ஒருவனை விடுதித் தோழர்கள் இப்படித்தான் வரவேற்றனராம். நம்மிடம் முன்பு பாடம் பயின்றவன் அவன். விடுமுறைக்கு வந்தவன், தன் குறிப்பேட்டை நம் கையில் தந்தான். ஏடு நிறைய இசை, படம், பாடல் பற்றிய எண்ணங்கள். எந்தப் பாட்டை எந்த வளைவிலே படம் பிடித்தனர், எந்தப் புல்வெளியிலே ஆடினர், அத்தனையும் அவனுக்கு அத்துபடி! கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு வரி: "நான் லைன் வீட்டுப் பிள்ளை என்பதை அவர்களிடம் சொல்லவில்லை."

அந்த வரி நம்மை உறங்கவிடவில்லை, தோழர்களே! கொழுந்து பறித்துப் பறித்துக் கறைபடிந்த தாயின் விரல்களை, அவள் பெற்ற மகன் மறைக்கிறான். அவன் கோழையல்லன்; கயவனுமல்லன். பின், மறைக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? அவன் ஏட்டிலேயே விடை இருக்கிறது. அவன் விரும்பிப் பார்த்த படங்களிலே மலை இருந்தது, மஞ்சு இருந்தது, மங்கை இருந்தாள். அவன் தாய் மட்டும் இல்லை!

1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் நாயகன், கேத்தியிலே வாழும் பள்ளி ஆசிரியன். நல்ல படம், மறுக்கவில்லை. கண்ணீரும் சிந்தினோம். ஆயினும், அந்த ஆசிரியனிடம் படிக்கும் பிள்ளைகளின் வீடு எது, அடுப்பு எது என்ற கேள்வி அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. 1992-இல் வந்த 'ரோஜா'வுக்காகக் குன்னூரும் உதகையும் காஷ்மீர வேடம் புனைந்தன. சொந்தப் பெயரைக்கூட இழந்து நடித்தது நம் மலை! 1998-இல் 'உயிரே' படத்துக்காக நீலகிரி மலை இரயிலின் கூரைமீது ஆடினர். உலகமே கண்டு களித்தது. அந்த இருப்புப் பாதை 1899-இல் குன்னூரையும், 1908-இல் உதகையையும் எட்டியது. கூரைமேல் ஆடியவர் பெயர் தெரியும். பாறை பிளந்து பாதை போட்டவர் பெயர் தெரியுமா? ஒரு பாடல், ஒரே ஒரு பாடல், அவருக்கு உண்டா?

"கேளிக்கைக்காகப் பார்ப்பது சினிமா, அதிலே போய்ச் சமுதாயத்தைத் தேடலாமா?" என்று கேட்பார் உளர். தேடலாம்! 1949-இல் 'வேலைக்காரி'யும், 1952-இல் 'பராசக்தி'யும் கேளிக்கைக் கொட்டகையிலேதான் ஓடின. மக்கள் காசு கொடுத்துப் பார்த்தனர். சிந்தனையையும் உடன்கொண்டு திரும்பினர். சினிமாவை நாட்டின் நோய்களுள் ஒன்றாக எண்ணினார் பெரியார்; அதையே மருந்தாக்க முனைந்தார் அண்ணா. இருவரும் ஒன்றை ஒப்புக்கொண்டனர்: திரை, மக்கள் மனத்தை மாற்றவல்லது. மாற்றவல்ல கருவியை மஞ்சு காட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தினால், கேட்க வேண்டாமா?

மலையைக் காட்டிய படம்தான் உண்டு, மக்களைக் காட்டிய படமே இல்லை என்று நாம் கூறவில்லை. ஆனைமலைத் தோட்டங்களின் கொடுமையை மருத்துவர் பி. எச். டேனியல் 1969-இல் நாவலாக்கினார்; அது 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்தது; 2013-இல் 'பரதேசி' என்ற படமாகவும் ஆயிற்று. தெப்பக்காட்டு யானை முகாமில் குட்டிகளை வளர்த்த காட்டுநாயக்கர் இணையரைப் பற்றிய ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் விருதையே வென்றது. முடியாத செயலன்று, முயலாத செயல்!

படம் கிடக்கட்டும், இசைக்கு வருவோம். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழிசைக் கிளர்ச்சி முளைத்தது. 1943-இல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. தமிழ்ப் பாட்டைத் 'துக்கடா' என்று கச்சேரியின் கடைசியில் தள்ளியவர்களை நோக்கி, "எங்கள் மொழிக்கு மேடையிலே முதலிடம் கொடு!" என்று முழங்கினோம். நியாயமான முழக்கம். ஆனால், இந்த மலையிலே கோத்தர் ஊதும் கொள்ளும், கொம்பும், முழக்கும் தபட்டையும் எந்த மேடையிலே ஏறின? தோடர் பாட்டை யார் கேட்டோம்? 1930-களிலே கடல் கடந்து வந்த எமெனோ என்ற அறிஞர், மந்துகளிலே அமர்ந்து கேட்டு எழுதினார். 1971-இல் அது பெருநூலாக வெளிவந்தது. பேருந்து ஏறினால் போய்விடும் தொலைவிலிருந்த நாம் என்ன செய்தோம்? 'திராவிட' மொழிக் குடும்பத்தை 1856-இல் விளக்கிய கால்டுவெல், தோட மொழியையும் கோத மொழியையும் அக்குடும்பத்திலேயே சேர்த்தார்; ஆனால் திருந்தா மொழிகள் என்று ஒதுக்கியும் வைத்தார். பேசுவோர் பாட்டைக் கேட்க மறுத்துக்கொண்டே 'திராவிடம்' பேசும் நாமா திருந்தியவர்கள்?

இங்கே ஒரு சிக்கலுண்டு. மூடி மறைக்க மாட்டோம். பிறர் வீட்டுச் சாவுக்கு இசைப்பது கோத்தரின் கடமையென்று வகுத்திருந்தது மலைச் சமுதாயம். அதையே காட்டி இழிவும் செய்தது. சுல்லி என்ற கோத்த ஆசிரியர் 1930-களில் குடுமியைக் கத்தரித்துக்கொண்டு, இழிவு சேர்க்கும் பழக்கங்களை விடுமாறு தம் மக்களை அழைத்தார். படகருள் சீர்திருத்தம் பேசியவர்களும் சாவு வீட்டில் கோத்தர் இசை வேண்டாமென்றனர். பறையைக் கீழே வைத்த சமவெளித் தோழர்களின் கோபமும் இதே கோபந்தான். அந்தக் கோபம் நேரியது. பிறப்பைக் காட்டி, "நீ அடி, நான் நடக்கிறேன்" என்பவனிடம் கருவியை வீசியெறிவதே மானம்! ஆனால், கட்டாயம் ஒழிந்தபின் கருவி என்ன குற்றம் செய்தது? ஒழிக்க வேண்டியது ஏவலை; இசையையன்று. எவன் விரும்பினாலும் கற்கலாம், எந்த மேடையிலும் முழக்கலாம், முழக்கியவனுக்கு முதல் வரிசையில் நாற்காலி உண்டு என்ற நிலை வரும்போதுதான் கோத்தர் இசை கலையாகும், பறையும் கலையாகும்.

லைன் வீடுகளின் கதையும் அதுவே. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என எழுதியது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கென 1968-இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. தாயகம் திரும்பியோர் என்றது அரசு. 'சிலோன்காரன்' என்றது அண்டை வீடு. அவர்கள் மூட்டையோடு காமன் கூத்தும் கப்பலேறி வந்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு அழைத்த தப்பின் நினைவும் வந்தது. தேயிலைத் தூரில் புதைந்த வாழ்வைப் பாடிய மக்களின் பாடல்களை இலங்கையிலே சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். இங்கே தொகுத்தோமா? பாட்டி பாடுவாள், பேரன் காதிலே கருவி செருகியிருப்பான். பாட்டி மறைந்தால் பாட்டும் மறையும்!

அந்த மாணவனுக்கு நாம் அறிவுரை கூறவில்லை. குறிப்பேட்டைத் திருப்பித் தந்து, "உன் பாட்டியின் பாட்டு ஒன்றை இதிலே எழுதி வா" என்றோம். விடுமுறை முடியுமுன் வந்தான்; நான்கு பக்கம் நிரப்பியிருந்தான். பொருள் புரியாத சொற்களுக்கெல்லாம் தாயிடம் கேட்டுப் பொருளும் எழுதியிருந்தான். "இவ்வளவு தெரியுமென்று எனக்குத் தெரியாதய்யா" என்றான். பாட்டியைச் சொன்னானா, தாயைச் சொன்னானா என்று நாம் கேட்கவில்லை.

மன்றம் நடத்தும் தோழர்களே! உங்கள் ஆண்டு விழாவிலே திரைப்பாட்டுக்கு ஆடட்டும் பிள்ளைகள், தடுக்காதீர். ஆனால் அதே மேடையிலே தோட்டத்துத் தாய் ஒருத்தி பாடட்டும். கோத்தர் குழு விரும்பி வந்தால் உரிய ஊதியமும் மதிப்பும் தந்து முழங்கச் செய்யுங்கள். கையிலே பேசியிருக்கிறது, பதிவு செய்யுங்கள், எழுதுங்கள், பொருள் கேளுங்கள். படமெடுக்கப் போகும் இளைஞன் உங்களுள் ஒருவன். அவன் கருவி மஞ்சைத் தாண்டி லைன் வீட்டு வாசலிலும் ஒரு நாழிகை நிற்கட்டும்.

"எந்த ஊர்?" என்று விடுதியிலே மறுபடியும் கேட்பர். "நீலகிரி, லைன் வீடு, என் தாய் கொழுந்து பறிப்பவள்" என்று தலை நிமிர்ந்து அவன் சொல்லும் நாளே, நம் மலைக்கு விடிந்த நாள்!